மூன்று கால்களும் ஒரு வாழ்வும்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில், எங்கள் வீட்டு நாயாகிய கறுப்பன் தெருமுனையிலே லாரிச் சக்கரத்தில் அகப்பட்டுக்கொண்டது. உயிர் தப்பியது, ஆனால் வலது பின்னங்கால் நொறுங்கிப் போயிற்று. கால்நடை மருத்துவர் சோதித்துப் பார்த்துவிட்டு, எலும்பும் நரம்பும் இரத்தக் குழாயும் ஒருங்கே சிதைந்துவிட்டமையால் காலைக் காப்பாற்ற இயலாதென்றும், காலை எடுத்துவிட்டால் நாயைக் காப்பாற்றலாமென்றும் கூறினார். முடிவு சொல்ல எனக்கு ஓர் இரவு அவகாசம் தந்தார்.

அன்றிரவு எங்கள் வீட்டில் ஒரு வழக்கே நடைபெற்றது. “மூன்று காலோடு அது படும் பாட்டை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, ஓர் ஊசியோடு முடித்துவிடுவதே தருமம்” என்றார் என் பெரியப்பா. அவர் கல்நெஞ்சர் அல்லர். தம் இலையிலிருந்து அந்த நாய்க்கு நாள்தோறும் ஒரு கவளம் எடுத்து வைப்பவர். இரக்கத்தினாலேயே அவ்வாறு கூறினார். எது உண்மையான இரக்கம் என்ற வினா அன்றிரவு என் உள்ளத்தில் எழுந்தது. அதற்கு விடை தேடிப் பின்னாளில் நான் படித்தறிந்தவற்றையும், வீட்டில் கண்டறிந்தவற்றையும் சேர்த்து இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

அங்கம் இழந்த உயிரை மீண்டும் நடக்கச் செய்யவேண்டும் என்ற எண்ணம் மிகத் தொன்மையானது. போரில் காலிழந்த விச்பலைக்கு அசுவினி தேவர்கள் இரும்புக் கால் அளித்த செய்தி ரிக் வேதத்தில் வருகிறது. விச்பலை ஒரு பெண் என்பது உரையாசிரியராகிய சாயணர் கொள்கை. ஜெர்மானிய வேத அறிஞர் சிலரோ, அது பந்தயத்தில் ஓடிய ஒரு பெண்குதிரையின் பெயர் என்றனர். அவர்கள் கூற்று மெய்யானால், பொய்க்காலைப் பற்றிய மிகப் பழைய கதைகளுள் ஒன்று ஒரு விலங்கின் கதையாக அமைந்துவிடும்!

எண்ணம் இருந்தது, வழி இல்லை. வழியை மறித்து மூன்று பகைகள் நின்றன. அவை குருதியும், வலியும், சீழும் ஆகும்.

முதற் பகையாகிய குருதியை வென்றவர்களுள் தலையானவர் பிரான்சு நாட்டு ரண வைத்தியர் அம்புருவாசு பாரே. அக்காலத்தில் காலை வெட்டியபின், பெருகும் குருதியை நிறுத்தப் பழுக்கக் காய்ச்சிய இரும்பினால் சுடுவது வழக்கம். 1552-ல் டாம்வில்லே முற்றுகையின்போது, பாரே அவ்வாறு சுடாமல் குருதிக் குழாய்களை நூலினால் கட்டி இரத்தப் பெருக்கை நிறுத்தினார். இரண்டாம் பகையாகிய வலி மேலும் முந்நூறு ஆண்டுகள் நின்றது. 1846-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் பாஸ்டன் நகரில் ஈதர் ஆவியினால் நோயாளியை மயக்கி ரண சிகிச்சை செய்து காட்டினர். அதே ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் லண்டனில் ராபர்ட் லிஸ்டன் ஈதரின் துணையால் ஒருவருடைய காலைத் தொடையளவில் நீக்கினார். மூன்றாம் பகையாகிய சீழை எதிர்த்தவர் ஜோசப் லிஸ்டர். 1865 ஆகஸ்டில், கிளாஸ்கோ நகரில், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டுவந்தனர். லிஸ்டர் காயத்தைக் கார்பாலிக் அமிலத்தில் தோய்த்த துணியினால் மூடினார். காயம் சீழ்ப்பிடிக்காமல் ஆறியது, கால் தப்பியது.

இவை யாவும் மனிதனுக்காக நடந்தவை. விலங்குகளுக்குரிய வைத்தியக் கல்வி வேறு வழியில் வளர்ந்தது. 1761-ல் பிரான்சின் லியோன் நகரில் குளோது பூர்ழெலா என்பவர் உலகின் முதல் கால்நடை வைத்தியப் பள்ளியை நிறுவினார். மாடுகளைக் கொன்று குவித்த கொள்ளை நோயும், குதிரைகளின் பயனுமே அதற்குத் தூண்டுகோல்கள். நம் சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் தோன்றி, 1936-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. உழவுக்கும் படைக்கும் உதவும் விலங்கு முதலில் கவனிக்கப்பட்டது. வாயிலில் படுத்திருக்கும் நாய் தன் முறைக்காகக் காத்திருந்தது. 1917-ல் மரியா டிக்கின் என்ற அம்மையார், ஏழைகள் வளர்க்கும் பிராணிகளுக்கு இலவச வைத்தியம் செய்ய லண்டனின் ஏழைகள் வாழும் பகுதியில் ஒரு நிலவறையிலே மருத்துவச்சாலை திறந்தார். ஊசியைத் தவிர வேறு வழியறியாத எளியவர்களுக்கு அது ஒரு புதுக் கதவு.

மூன்று பகைகளும் அடங்கிய பின்னரும் எல்லா விலங்கிற்கும் இது பொருந்துவதில்லை. குதிரையை எண்ணிப் பாருங்கள். அதன் பெரும்பாரம் சிறு குளம்புகளின்மீது நிற்கிறது. ஒரு கால் பழுதுற்றால் மற்றக் கால் மிகையான சுமையைத் தாங்கிக் குளம்பினுள்ளே அழற்சி கொள்கிறது. அமெரிக்கப் பந்தயக் குதிரையாகிய பார்பரோ 2006 மே மாதம் காலொடிந்து, சிறந்த வைத்தியம் பெற்றும், இத்தகைய குளம்பு நோயினால் 2007 ஜனவரியில் உயிர்விட நேர்ந்தது. நாயோ இலேசான உடலுடையது. படுத்து இளைப்பாறக் கூடியது. நிற்கும்பொழுது அதன் பாரத்தில் ஏறத்தாழ 100-க்கு 60 பங்கை முன்னங்கால்களும், 40 பங்கைப் பின்னங்கால்களும் தாங்குகின்றன. ஆதலின் பின்னங்கால் இழந்த நாய் எளிதிலும், முன்னங்கால் இழந்த நாய் சற்றுக் கடினப்பட்டும் பழகிக்கொள்கின்றன. மிகப் பருத்த நாய்க்கும், மற்ற மூட்டுகளில் நோயுள்ள நாய்க்கும் இச்சிகிச்சை பொருந்துமா என்று ஆழ்ந்து ஆராய்வர். எங்கள் மருத்துவரும் ஒடிந்த காலை ஒருமுறை பார்த்தார். நல்ல கால்கள் மூன்றையும் மும்முறை பார்த்தார். அதன் பொருள் அப்போது எனக்கு விளங்கவில்லை.

முன்னங்கால் இழந்தும் நிமிர்ந்து நின்ற நாய்க்கு லூக்கா என்ற போர்நாயைச் சான்றாகக் கூறலாம். அமெரிக்கப் படையில் வெடிகுண்டுகளை மோப்பம் பிடித்துக் காட்டிவந்த பெண்நாய் அது. 400-க்கும் மேற்பட்ட பயணங்களில் முன்சென்றது. அதன் பின்னே நடந்த வீரர் ஒருவரும் அப்பயணங்களில் மடியவில்லை. 2012 மார்ச் 23-ஆம் நாள் ஆப்கானிஸ்தானத்தில் ஒரு குண்டு வெடித்து அதன் இடது முன்னங்கால் போயிற்று. பத்து நாட்களுக்குள் அது எழுந்து நடந்தது. 2016-ல் லண்டனில், டிக்கின் அம்மையார் பெயரால் 1943 முதல் வழங்கப்பட்டு வரும் வீரப் பதக்கத்தைப் பெற்றது.

பொய்க்கால் பொருத்தலாகாதா என்று நீங்கள் வினவலாம். பொருத்தலாம். ஆப்கானிஸ்தானத்தில் 2019-ல் சுடப்பட்டுப் பின்பாதம் இழந்த கூனோ என்ற பிரிட்டிஷ் படைநாய்க்கு, அதன் அளவுக்கென்றே செய்த செயற்கை உறுப்புப் பொருத்தப்பட்டது. ஆயின் பொய்க்காலைப் பூட்ட, காலின் மேற்பகுதி போதிய அளவு எஞ்சியிருத்தல் வேண்டும். குறைக்கால் தரையில் இடித்துப் புண்ணாகாமல் இருத்தற்பொருட்டுப் பெரும்பாலும் காலை மேலே, தொடையளவிலோ தோளோடோ எடுத்துவிடுவர். எனவே பொய்க்கால் வேண்டுமா என்பதைக் கத்தி படுமுன்னரே தீர்மானித்தல் நலம்.

விடிந்ததும் நான் மருத்துவரிடம் சம்மதம் கூறினேன். கறுப்பனின் காலை நடுத்தொடையில் எடுத்தனர். பெரியப்பா மருத்துவமனைக்கு வரவில்லை.

வீடு திரும்பிய நாய்க்கு முதற் பகைவன் எங்கள் வழவழப்பான தரையே. எழுந்த இடத்திலேயே வழுக்கி விழுந்தது. படுக்கையிலிருந்து தண்ணீர்ப் பாத்திரம் வரையிலும், அங்கிருந்து வாசல் வரையிலும் நழுவாத ரப்பர் விரிப்புகளைப் பரப்பினோம். முதல் வாரம் வயிற்றின்கீழ் ஒரு துண்டைக் கொடுத்து, பின்னுடலைச் சிறிதே தாங்கிப் பிடித்து நடத்தினோம், தூக்கவில்லை. தையலை நக்காதிருக்கக் கழுத்தில் வட்டு மாட்டினோம். தையல் பிரிக்கும்வரை ஓட்டமும் படியேற்றமும் கூடாதென்பது கட்டளை. பின்னர் ஐந்து நிமிட நடை, நாளில் பன்முறை. நீண்ட நடை ஒருமுறை அன்று. நகங்களை அளவாக வெட்டினோம். எல்லாவற்றிலும் அரிதாக இருந்தது உணவைக் குறைத்தது. உடல் பருத்தால் எஞ்சிய மூன்று கால்களே அச்சுமையைச் சுமக்கும். இரக்கத்தினால் கூடுதலாக ஊட்டும் ஒவ்வொரு கவளமும் அக்கால்களின்மேல் ஏற்றும் பாரமாகும். பெரியப்பாவின் இலைக் கவளம் அத்தோடு நின்றது; அவருக்கு அதில் வருத்தமே.

1999-ல் நெதர்லாந்தில் இத்தகைய நாய்களின் சொந்தக்காரர்களை வினவி ஆராய்ந்தபோது, பெரும்பாலான நாய்கள் ஒரு மாதத்திற்குள் பழகிவிட்டதாகத் தெரியவந்தது. சில நாய்கள் பிற நாய்களுக்கு முன்னினும் மிகுதியாக அஞ்சின. எங்கள் அனுபவமும் இதுவே. மூன்றாம் வாரத்தில் கறுப்பன் தானே வாசலுக்கு வந்தது. தெருநாய்கள் குரைத்தால் மட்டும் என் காலருகே ஒண்டும். அவ்வேளையில் அதைத் தூக்கிக் கொஞ்சாமல், பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாலே போதும் என்பதைக் கற்றுக்கொண்டேன்.

ஒன்றுதான் எங்களை உலுக்கியது. கறுப்பன் தன் வலக்காதைச் சொறிய எண்ணும், தலையைச் சாய்க்கும், அந்தக் குறைத்தொடை மட்டும் காற்றிலே விரைவாக ஆடும். காதுக்கு ஒன்றும் எட்டாது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் உறுப்பிழந்த வீரர்கள், இல்லாத கைகால்களில் உணர்ச்சி இருப்பதாகக் கூறினர்; வெயர் மிட்செல் என்ற மருத்துவர் 1871-ல் அதற்கு “ஆவி உறுப்பு” எனப் பொருள்படும் பெயரிட்டார். நாயின் மனத்தில் இருப்பதை நாம் அறியோம். ஆனால் அதன் உடல் அந்தக் காலை மறந்துவிடவில்லை என்பது கண்கூடு.

குருதியையும் வலியையும் சீழையும் பெரியோர் வென்று தந்தனர். நான்காவதாக ஒரு தடை உண்டு. அது நம்முடைய இரக்கத்தின் தவறான கணக்கு. நமக்குக் கால் போனால் நாம் எண்ணி எண்ணி வருந்துவதையெல்லாம் நாயின்மீது ஏற்றிவிடுகிறோம். நாயோ நாளைய ஓட்டத்தை எண்ணி அழுவதில்லை. இன்று தரை வழுக்குகிறதே என்றுதான் தயங்குகிறது. தரையைச் செம்மை செய்வது நம் கடமை. அந்த வேலையை எந்த மருத்துவரும் நம் வீட்டுக்கு வந்து செய்ய இயலாது.

கறுப்பன் அதன்பின் ஆறு ஆண்டுகள் இருந்தது. கவளம் வைக்கும் உரிமையை இழந்த பெரியப்பா, நாள்தோறும் உண்டு கைகழுவியதும் திண்ணைக்கு வருவார். கறுப்பன் அவரருகே சென்று தலையைச் சாய்க்கும். அவர் ஒன்றும் பேசாமல் அதன் வலக்காதைச் சொறிந்துகொடுப்பார்.