"பிரிடேட்டர் மாதிரியா சார்?"

கொஞ்சம் நீண்ட பதிவு நண்பர்களே. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

1990களின் தொடக்கம். ஒன்பதாம் வகுப்பில் ஐரோப்பியர் குடியேற்றங்கள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். துப்பாக்கியோடு கப்பலில் வந்து இறங்கியவர்கள், துப்பாக்கியைக் கண்ணால்கூடப் பார்த்திராத மக்களை எப்படி வென்றார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"சார், பிரிடேட்டர் மாதிரியா சார்?"

வகுப்பே சிரித்தது. முதல் நாள் இரவு தெருவில் டெக் வாடகைக்கு எடுத்துப் படம் போட்டிருந்தார்களாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பாடம் நடத்தும்போது சினிமாக் கதையா?" என்று திட்டி, மணி அடிக்கும்வரை வாசலில் நிற்க வைத்தேன். அதன் பிறகு அந்தப் பையன் என் வகுப்பில் கேள்வியே கேட்கவில்லை. அன்று அதை நான் கவனிக்கவும் இல்லை.

போன வாரம் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். "தாத்தா, உங்களுக்குப் பிடிக்கும், இது சரித்திரப் படம்" என்று 2022இல் வந்த 'ப்ரே' படத்தைப் போட்டான். பிரிடேட்டர் வரிசையில் ஒன்று அது. பார்த்து முடித்துவிட்டுப் படுத்தால் தூக்கம் வரவில்லை. வாசலில் நின்ற அந்தப் பையன்தான் கண்முன் வந்தான். மறுநாள் முதல் பகுதியையும் போடச் சொல்லிப் பார்த்தேன். பிறகு ஒரு வாரம் படிப்புதான். படித்ததை இங்கே எழுதுகிறேன்.

முதல் படம் 1987 ஜூனில் வெளிவந்தது. எழுதியவர்கள் ஜிம் தாமஸ், ஜான் தாமஸ் என்ற சகோதரர்கள். அவர்கள் முதலில் வைத்த தலைப்பு 'ஹன்டர்', அதாவது வேட்டைக்காரன். கதை எளிமையானது. மத்திய அமெரிக்கக் காட்டில் அமெரிக்க அதிரடிப் படை ஒன்று கொரில்லா முகாமைத் தரைமட்டமாக்குகிறது. திரும்பும் வழியில், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவர்களை ஒவ்வொருவராகக் கொல்கிறது. வேற்றுக் கிரகத்திலிருந்து வந்த அது உணவுக்காகவோ நாட்டைப் பிடிக்கவோ கொல்லவில்லை. பொழுதுபோக்குக்காக வேட்டையாடுகிறது. கொன்றவனின் மண்டையோட்டை எடுத்துச் சுத்தம் செய்து வைத்துக்கொள்கிறது.

படம் எடுத்த கதையும் சுவையானதுதான். முதலில் அந்த உருவத்துக்குள் இருந்தவர் வான் டாம். அந்த உடை பூச்சி போல இருந்தது, எடுபடவில்லை, கைவிட்டார்கள். பிறகு ஸ்டான் வின்ஸ்டன் என்ற ஒப்பனைக் கலைஞர் புதிதாக வடிவமைத்தார். விமானத்தில் பக்கத்து இருக்கையில் இருந்த ஜேம்ஸ் கேமரன் சொன்ன யோசனையால்தான் வாயில் அந்தக் கொடுக்குகள் வந்தன. உள்ளே நடித்தவர் கெவின் பீட்டர் ஹால், 7 அடி 2 அங்குல உயரம் கொண்ட கறுப்பின நடிகர். படம் முழுக்க முகமூடிதான். கடைசியில் ஹெலிகாப்டர் விமானியாகச் சில நொடிகள் மட்டும் சொந்த முகத்தோடு வருகிறார்.

அதே 1987 ஜூனில் அவர் நடித்த இன்னொரு படமும் வெளிவந்தது. 'ஹாரி அண்ட் த ஹென்டர்சன்ஸ்'. அதில் அவர் ஒரு வேட்டைக்காரன் துரத்தும் காட்டு மனிதன். அடைக்கலம் தந்த வீட்டின் சுவரில் பாடம் செய்து மாட்டியிருக்கும் மிருகத் தலைகளைப் பார்த்து அந்த ஹாரி கலங்கிப்போகிறது. அவற்றைக் கழற்றி மண்ணில் புதைக்கிறது. ஒரே மனிதர், ஒரே மாதம்: ஒரு படத்தில் தலைகளைச் சேர்ப்பவர், மற்றொன்றில் தலைகளைப் புதைப்பவர். நான்கு ஆண்டுகளில், 1991இல், 35 வயதில் ஹால் இறந்துபோனார். விபத்துக்குப் பின் ஏற்றிய இரத்தத்தால் வந்த எய்ட்ஸ் காரணம்.

சரி, பொழுதுபோக்குக்காக மனிதனை வேட்டையாடுபவன் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? பின்னோக்கிப் போவோம்.

1924இல் ரிச்சர்ட் கானெல் என்ற அமெரிக்கர் ஒரு சிறுகதை எழுதினார். பெயர் பெற்ற வேட்டைக்காரன் ஒருவன் கப்பலிலிருந்து விழுந்து ஒரு தீவில் கரையேறுகிறான். அங்கே ஜெனரல் ஜாரோஃப் என்ற பிரபு. மிருகங்களை வேட்டையாடிச் சலித்துப்போய் மனிதர்களை வேட்டையாடுகிறவன். விருந்தாளிக்குச் சோறு போட்டு, கத்தி கொடுத்துக் காட்டுக்குள் அனுப்பிவிட்டுத் துரத்துகிறான். இந்த ஜாரோஃபை விண்கலத்தில் ஏற்றினால் பிரிடேட்டர் வந்துவிடும்.

ஜாரோஃப் வானத்திலிருந்து குதித்தவன் அல்ல. அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் பலருடைய பொழுதுபோக்கே வேட்டைதான். அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் பதவி முடிந்ததும் 1909இல் மகன் கெர்மிட்டோடு கிழக்கு ஆப்பிரிக்கா போனார். இருவரும் சுட்டவை மட்டும் 512. அதில் சிங்கம் 17, யானை 11. அவரே தம் புத்தகத்தில் பட்டியல் போட்டிருக்கிறார். நியாயமாகச் சொல்ல வேண்டும்: பெரும்பாலானவை அருங்காட்சியகத்துக்குப் போயின. தம் நாட்டில் பரந்த காடுகளைப் பாதுகாத்தவரும் அவர்தான்.

அதே ரூஸ்வெல்ட் 1887இல் பூன் அண்ட் கிராக்கெட் என்ற வேட்டைக்காரர் சங்கத்தைத் தொடங்கினார். வேட்டைக்கு ஒரு தர்மம் உண்டு, மிருகத்துக்குத் தப்ப வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. சரியாக 100 ஆண்டு கழித்து வந்த பிரிடேட்டரும் அப்படித்தான். கையில் ஆயுதம் இல்லாத பெண்ணைக் கொல்வதில்லை. கடைசிச் சண்டையில் முகமூடியையும் ஆயுதத்தையும் கழற்றி வைத்துவிட்டுக் கைகலக்கிறது. ரசிகர்கள் இதைக் கௌரவம் என்கிறார்கள். ஆனால் அந்த விதியை எழுதியது யார்? வேட்டைக்காரன்தான். இரையிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

இன்னும் பின்னால் போவோம். 1898இல் எச். ஜி. வெல்ஸ் 'உலகங்களின் போர்' நாவலைப் புத்தகமாக வெளியிட்டார். செவ்வாய்க் கிரகவாசிகள் இங்கிலாந்தை அழிக்கும் கதை. முதல் அத்தியாயத்திலேயே அவர் தம் நாட்டு வாசகர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறார். அவர்களைக் கொடியவர்கள் என்று சொல்லும் முன், டாஸ்மேனியாவில் நம்மவர்கள் செய்ததை எண்ணிப் பாருங்கள் என்கிறார்.

டாஸ்மேனியாவில் என்ன நடந்தது? 1803இல் ஆங்கிலேயர் குடியேறினார்கள். 30 ஆண்டுக்குள் அந்த மண்ணின் மக்கள் பெரும்பாலும் அழிந்துபோனார்கள். 1830இல் பழங்குடி ஒருவரை உயிரோடு பிடித்துக் கொடுத்தால் பெரியவருக்கு 5 பவுண்டு, குழந்தைக்கு 2 பவுண்டு என்று அரசாங்கமே பரிசு அறிவித்தது. அதே ஆண்டு ஆளுநர் ஆர்தர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களையும் கைதிகளையும் குடியேறிகளையும் வரிசையாக நிறுத்தி, தீவின் குறுக்கே நடக்க வைத்தார். காட்டில் விலங்குகளை ஒரு மூலைக்கு விரட்டுவது போல மனிதர்களை விரட்டும் திட்டம் அது. அதற்குப் பெயர் 'கறுப்புக் கோடு'.

ட்ருகனினி என்ற பெண்மணி 1876இல் இறந்தார். தம் உடலை வெட்டி ஆராய்வார்களோ என்ற அச்சம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. அது வீண் பயம் அல்ல. இரண்டே ஆண்டில் அவரைத் தோண்டி எடுத்தார்கள். 1904 முதல் 1947 வரை அவருடைய எலும்புக்கூடு ஹோபார்ட் அருங்காட்சியகத்தில் எல்லாரும் பார்க்க நின்றது. இறந்து 100 ஆண்டு கழித்து, 1976இல்தான் எரித்து, சாம்பலைக் கடலில் கரைத்தார்கள். அவரைக் 'கடைசி டாஸ்மேனியர்' என்று எழுதியதும் தவறு. அந்த மக்களின் வாரிசுகள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள்.

பிரிடேட்டர் மண்டையோடு சேர்ப்பதைப் பார்த்து நாம் முகம் சுளிக்கிறோம். சினிமாக்காரர்கள் அதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை, நண்பர்களே.

இப்போது பேரன் காட்டிய படத்துக்கு வருகிறேன். 'ப்ரே' என்றால் இரை. கதை நடப்பது 1719இல், வட அமெரிக்காவின் புல்வெளிகளில். நாயகி நாரு ஒரு கொமான்சி இனப் பெண். படத்தைக் கொமான்சி மொழியிலும் முழுதாக டப் செய்து வெளியிட்டார்கள். அதில் ஓர் இடம். தோல் உரிக்கப்பட்ட காட்டெருமைகள் வயல் வயலாகக் கிடக்கின்றன. அந்த விசித்திர மிருகத்தின் வேலை என்று நாரு நினைக்கிறாள். பிறகுதான் தெரிகிறது, அது தோல் வியாபாரத்துக்கு வந்த பிரெஞ்சுக்காரர்களின் வேலை.

அந்தக் காட்சியில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வேற்றுக் கிரகத்து வேட்டைக்காரன் எது, மனித வேட்டைக்காரன் எது என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அன்று அந்தப் பதினான்கு வயதுப் பையன் கேட்டதும் இதைத்தானே?

வெல்ஸ் செய்த அதே ஒப்பீட்டை எங்கள் பள்ளியின் கடைசி பெஞ்சில் ஒருவன் தானாகவே செய்திருக்கிறான். பாடத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்து, தனக்குத் தெரிந்த ஒன்றோடு பொருத்தியிருக்கிறான். வகுப்பில் வேறு யாரும் அன்று அவ்வளவு தூரம் போகவில்லை. நானும் போகவில்லை. என்னிடம் இருந்ததோ புத்தகமும் பிரம்பும்தான்.

தம்பி, உன் பெயரை இங்கே எழுதவில்லை. இந்தப் பதிவு உன் கண்ணில் பட்டால் உனக்கே தெரியும். அன்று நீ கேட்டதற்குச் சரியான பதில்: "ஆமாம்ப்பா, பிரிடேட்டர் மாதிரிதான். உட்கார், மேலே சொல்லு." முப்பது ஆண்டு தாமதமாகச் சொல்கிறேன். மன்னித்துவிடு.

இதை வாசிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் சினிமாவைச் சொல்லிக் கேட்டாலும் கேள்வி கேள்விதான். வாசலுக்கு அனுப்பிவிடாதீர்கள்.