மாதம் நாலு டொலர்: அலுவலகத்து போன் யாருடையது?

2015 டிசம்பர் 2ஆம் திகதி, கலிபோர்னியாவில் உள்ள சான் பெர்னார்டினோவில், சுகாதாரத் திணைக்கள ஊழியர் ஒருவரும் அவரது மனைவியும் சக ஊழியர்கள் கூடியிருந்த நிகழ்வுக்குள் புகுந்து சுட்டதில் 14 பேர் இறந்தார்கள். சுட்ட இருவரும் அன்றைக்கே பொலிசாரால் கொல்லப்பட்டார்கள். தங்கட சொந்தப் போன்களை அவர்கள் முதலே நொறுக்கிவிட்டிருந்தார்கள். மிஞ்சியது ஒரு ஐபோன் 5சி. அது அவருடைய சொத்து இல்லை, கவுண்டி நிர்வாகம் வேலைக்காகக் கொடுத்தது. (கவுண்டி என்றால் கிட்டத்தட்ட எங்கட மாவட்டம் மாதிரி.)

பிறகு நடந்ததைப் பலரும் அறிவார்கள். 2016 பெப்ரவரியில் அந்தப் போனைத் திறக்க உதவும்படி நீதிமன்றம் அப்பிளுக்குக் கட்டளையிட்டது. ரிம் குக் பகிரங்கக் கடிதம் எழுதி மறுத்தார். அந்தரங்கமா, தேசப் பாதுகாப்பா என்று உலகம் முழுக்க வாதம் நடந்தது. அந்தச் சத்தத்துக்குள்ள ஒரு சின்ன விசயம் அமுங்கிப் போனது. ஊழியர்களின் போன்களைத் தூரத்திலிருந்து நிர்வகிக்கிற மொபைல்அயர்ன் என்ற மென்பொருளுக்கு அந்தக் கவுண்டி ஏற்கெனவே காசு கட்டிக்கொண்டிருந்தது. ஒரு போனுக்கு மாதம் 4 டொலர். அது இந்தப் போனில் போடப்பட்டிருந்தால், பூட்டை நீக்கச் சொல்லி அலுவலகத்திலிருந்தே கட்டளை அனுப்பியிருக்கலாம். போடப்படவில்லை. கவுண்டி முழுவதுக்கும் ஒரே விதி இருக்கவில்லை, எந்தப் போனில் போடுவது என்று ஒவ்வொரு திணைக்களமும் தன்ர பாட்டுக்கு முடிவெடுத்தது.

இதோடு நிற்கவில்லை. தாக்குதலுக்குப் பிறகு எப்பிஐ கேட்டுக்கொண்டபடி கவுண்டி ஊழியர்கள் அந்தப் போனின் ஐகிளவுட் கடவுச்சொல்லை மாற்றினார்கள். இதனால், போனைப் பழகிய வைபைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்து அது தானாகவே தரவைப் பிரதியெடுக்கப் பார்த்திருக்கக்கூடிய வழியும் அடைபட்டது. கடைசிப் பிரதி ஒக்ரோபர் 19இல் எடுக்கப்பட்டது. அது தவறுதான் என்று எப்பிஐ தலைவர் ஜேம்ஸ் கோமி மார்ச் மாதம் அமெரிக்கக் காங்கிரஸ் முன்னால் ஒத்துக்கொண்டார். மார்ச் 28இல், வேறொரு தரப்பின் உதவியோடு போனைத் திறந்துவிட்டோம் என்று சொல்லி அரசாங்கம் வழக்கைக் கைவிட்டது.

இந்தக் கதையை அப்பிளுக்கும் அரசாங்கத்துக்கும் நடந்த சண்டையாக மட்டும் சொல்லுவது எனக்கு முழுமையாகப் படவில்லை. இது அலுவலக நிர்வாகத்தின் கதையும்தான். முதலாளிக்குச் சொந்தமான போனைத் தொழிலாளியின் பொக்கெற்றில் வைத்துவிட்டு, சாவியை யார் வைத்திருப்பது என்று தீர்மானிக்காமல் விட்டதன் கதை.

அந்தக் கேள்வி ஒரு காலத்தில் எழவே இல்லை. 1999இல் கனடாவின் ரிசேர்ச் இன் மோஷன் நிறுவனம் பிளக்பெரியைக் கொண்டுவந்த பிறகு வந்த வருடங்களில் போனும் கொம்பனியுடையது, சேர்வரும் கொம்பனியுடையது, விதியும் கொம்பனியுடையது. கடவுச்சொல் எத்தனை எழுத்து, கமெரா வேலை செய்யலாமா, தொலைந்தால் முழுவதையும் அழிப்பதா என்று எல்லாவற்றையும் கணினிப் பகுதியில் இருக்கிறவர் ஒரு திரையிலிருந்து தீர்மானிப்பார். வங்கிகளும் அரசாங்கங்களும் அதை விரும்பியது அதற்காகத்தான். ஊழியருக்கும் பெரிய முறைப்பாடு இல்லை, சொந்த வாழ்க்கைக்கு வேறொரு போன் இருந்தது.

2007இல் ஐபோன் வந்தது. முதலில் அலுவலகங்கள் அதை விளையாட்டுச் சாமானாகத்தான் பார்த்தன. ஆனால் அதை வாங்கி முதலில் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தவர்களில் மேலதிகாரிகளும் இருந்தார்கள். அவர்களிடம் ‘ஏலாது’ என்று சொல்ல எந்தக் கணினிப் பகுதிக்குத் தைரியம் வரும்? 2008இல் மைக்ரோசொப்ற் எக்ஸ்சேஞ்ச் மின்னஞ்சல் ஐபோனுக்கு வந்தது, அதோடு தூரத்திலிருந்து அழிக்கிற வசதியும் வந்தது. 2010இல் ஐஓஎஸ் 4 வெளிவந்தபோது, வெளி மென்பொருட்களும் போனை நிர்வகிக்க அப்பிள் வழி திறந்துவிட்டது. மொபைல்அயர்ன் போன்ற நிறுவனங்கள் அந்த வழியால்தான் வளர்ந்தன. ‘உன்ர போனை நீயே கொண்டுவா’ என்ற ஏற்பாடு பரவியது. கொம்பனிக்குப் போன் வாங்குகிற செலவு மிச்சம், ஊழியருக்கு ஒரே போன் போதும். எல்லாருக்கும் லாபம் போலத்தான் தெரிந்தது.

அது எப்படிக் கசந்தது என்பதற்கு ரெக்சாஸ் வழக்கு ஒன்று இருக்கிறது. வீடு கட்டி விற்கும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்தவருக்கு அலுவலகம் போன் கொடுக்கவில்லை. தன்ர ஐபோனிலேயே வேலை மின்னஞ்சலை இணைத்தார். 2013 பெப்ரவரியில் வேலையை விட்டு விலகுவதாக அறிவித்தார். சில நாட்களில் நிறுவனம் அந்தப் போனைத் தூரத்திலிருந்து முழுவதுமாக அழித்தது. வேலை மின்னஞ்சல் மட்டுமில்லை, சொந்தப் படங்கள், காணொளிகள், தொடர்பு எண்கள் எல்லாமே போயின. அவர் வழக்குப் போட்டார். 2014 நவம்பரில் மத்திய நீதிமன்றம் மத்திய சட்டங்களின் கீழான அவரது கோரிக்கைகளைத் தள்ளுபடி செய்தது. போன படங்கள் கணினி மோசடிச் சட்டம் சொல்லுகிற ‘இழப்பு’ என்ற வரையறைக்குள் வரவில்லையாம்.

சட்டத்தின் சொற்படி தீர்ப்புச் சரியாகவே இருக்கலாம். ஆனால் ஒரு மனிதனின் படங்களை அவனது முதலாளி ஒரு பொத்தானால் அழித்துவிட்டு, அது இழப்பே இல்லை என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்பதை எப்படி ஏற்றுக்கொள்ளுறது?

அதே வருடம் ஓகஸ்ற்றில் கலிபோர்னிய மேன்முறையீட்டு நீதிமன்றம் இன்னொரு பக்கத்தைத் தொட்டது. வேலை அழைப்புகளுக்குச் சொந்தப் போனைக் கட்டாயம் பாவிக்க வேண்டியிருந்தால், ஊழியருக்கு மேலதிகச் செலவே வராவிட்டாலும், கட்டணத்தின் நியாயமான பங்கை முதலாளி கொடுக்கவேண்டும் என்றது. இந்தத் தீர்ப்பு எனக்குப் பிடிக்கும். போன் கொம்பனியின் வேலைக் கருவி என்று ஒரு நீதிமன்றம் வாய்விட்டுச் சொன்னதாகவே அதை வாசிக்கிறன்.

தொழில்நுட்பமும் மெதுவாக வழிக்கு வந்தது. 2015இல் கூகுள், அன்ரொயிட் போனுக்குள்ளேயே வேலைக்கென்று தனி அறை ஒன்றைப் பிரித்தது. வேலைச் செயலிகள் அந்தப் பக்கம், குடும்பப் படங்கள் இந்தப் பக்கம், அலுவலகம் அழித்தால் அந்த அறை மட்டும்தான் போகும். அப்பிள் இதற்கு ஈடான ஏற்பாட்டை 2019இல் ஐஓஎஸ் 13 உடன்தான் தந்தது. ரெக்சாஸ்காரருக்கு இரண்டுமே பிந்திவிட்டன.

ஆனால் அறையைப் பிரித்தாலும் மனிசர் அதற்குள்ள இருக்கவேணுமே. அமெரிக்க வங்கிகளின் அலுவலர்கள் பூட்டிய செயலிகளை விட்டுவிட்டு வட்ஸ்அப்பில் வியாபாரம் கதைத்தார்கள். அந்த உரையாடல்களைப் பதிவில் வைக்கத் தவறியதற்காக 2021 டிசம்பரில் ஜேபி மோர்கன் 200 மில்லியன் டொலர் தண்டம் கட்டியது. அடுத்த வருடம் மற்றப் பெரிய வங்கிகளும் வரிசையாகக் கட்டின.

எங்கட பக்கம் பிளக்பெரிக் காலத்தைப் பெரும்பாலான அலுவலகங்கள் காணவேயில்லை, நேரே வட்ஸ்அப் குழுவுக்குள் பாய்ந்தவைதான் அதிகம். போன் எங்கட, டேற்றா எங்கட, இரவு பத்து மணிக்கு வருகிற ‘அவசரம்’ மட்டும் அவையின்ர. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஊழியரின் தரவையும் தனிப்பட்ட தரவாகத்தான் பார்க்கிறது. அலுவலகம் உங்கட போனில் ஏதாவது போடச் சொன்னால், வேலையை விட்டுப் போகிற நாளில் அது எதையெல்லாம் அழிக்கும் என்று போட முதலே கேளுங்கோ, பதிலை எழுத்தில் வாங்குங்கோ. ஏற்கெனவே போட்டவர்கள், ஐபோன் என்றால் அமைப்புகளில் பொதுப் பகுதிக்குள் போய், சாதன மேலாண்மை என்ற இடத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பார்க்கலாம்.