பிள்ளை ஏன் வரவில்லை?

'கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்!' பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் நாளில் நம் பெற்றோர் ஆசிரியரிடம் சொல்லிவந்த சொல் இது. கொடுமையினால் சொன்னதன்று, பிள்ளை எப்படியாவது முன்னுக்கு வரவேண்டும் என்னும் ஆதங்கத்தினால் சொன்னது. அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாம். இந்த நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதன்று. 17ஆம் நூற்றாண்டின் பிரான்சு நாட்டிலும் பிரம்பே வகுப்பறையை ஆண்டது. அங்கே ஏழைப் பிள்ளைகளின் தொடக்கக் கல்வியைச் சீர்செய்தவர் புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லசால். அவர் வரலாற்றைப் பெற்றோரும் ஆசிரியருமாகிய நாம் சற்று எண்ணிப் பார்ப்பது நலம்.

லசால் 1651ஆம் ஆண்டு ரேம்ஸ் நகரில் செல்வக் குடும்பத்தில் பிறந்தார். இளம் வயதிலேயே அந்நகரப் பேராலயக் குருக்கள் குழுவில் இடம் பெற்றார், 1678இல் குருவானார். மறு ஆண்டு, ஏழைச் சிறுவர்க்குப் பள்ளி தொடங்க ரேம்ஸ் வந்த அத்ரியான் நியேல் என்பவருக்கு உதவப்போய், தாம் எண்ணியிராத பணியில் இறங்கினார். பள்ளிகள் தோன்றின, ஆனால் அவற்றில் கற்பித்தவர்களுக்குப் போதிய பயிற்சியும் இல்லை, மதிப்பும் இல்லை. 1681இல் அவர்களைத் தம் இல்லத்திலேயே தங்கவைத்தார். உறவினர் வெகுண்டனர். 1683இல் பேராலயப் பதவியைத் துறந்தார். தம் செல்வத்தைப் பஞ்ச காலத்தில் ஏழைகளுக்குப் பகிர்ந்தளித்தார். பின்னாளில் கிறிஸ்தவப் பள்ளிகளின் சகோதரர்கள் சபையாக வளர்ந்தது இவ்வாசிரியர்களின் கூட்டு வாழ்வே. பிள்ளைகளை ஒழுங்குபடுத்துமுன் ஆசிரியரை உருவாக்க முனைந்தார் என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

அக்காலத் தொடக்கப் பள்ளிகளில் ஆசிரியர் மாணவரை ஒவ்வொருவராக அருகழைத்துப் பாடம் சொல்வது வழக்கம். ஒருவன் படிக்க, மற்றவர் வேலையின்றி இருப்பர். வேலையின்மை கூச்சலாகும், கூச்சல் பிரம்பை வரவழைக்கும். லசால் மாணவரைத் தரவாரியாகப் பிரித்து அமர்த்தினார். ஒருவன் வாசிக்கும்போது அத்தரத்தினர் அனைவரும் அதே நூலில் அவ்வரியைத் தொடர்ந்து வரவேண்டும். சிலர் முன்னரே முயன்ற இம்முறையைப் பல பள்ளிகளிலும் நிலைபெறச் செய்தவர் அவர். இலத்தீனில் வாசிக்கத் தொடங்கும் வழக்கத்தை மாற்றி, பிள்ளை வீட்டில் பேசும் பிரெஞ்சு மொழிக்கு முதலிடம் தந்தார். ஆசிரியரோ கத்த வேண்டியதில்லை; கையிலுள்ள சிறு கருவியால் ஓசை எழுப்பிச் சைகை காட்டினால் போதும். ஆசிரியரின் குரல் அடங்கியது, வகுப்பும் அடங்கியது.

அனுபவமிக்க சகோதரர்களோடு கலந்து அவர் வகுத்த பள்ளி நடைமுறை நூல் 1706இல் கைப்பிரதியாக இருந்தது. அவர் இறந்தபின் 1720இல் அச்சேறியது. பள்ளிக்கு வராத பிள்ளைகளைப் பற்றி அதில் விரிவான பகுதி ஒன்று உண்டு. வராமைக்குக் காரணம் சிலவேளை பிள்ளையின் விளையாட்டுப் புத்தி. சிலவேளை பெற்றோரின் வறுமை அல்லது அக்கறையின்மை. இவற்றோடு நூல் நின்றுவிடவில்லை. காரணம் ஆசிரியராகவும் இருக்கலாம் என்கிறது. கடுகடுத்த முகமும், பிள்ளையின் அன்பைப் பெறத் தெரியாத குணமும் பிள்ளையை விரட்டிவிடும். அப்போது திருந்த வேண்டியவர் ஆசிரியரே.

லசால் பிரம்பை முற்றிலும் ஒழித்தார் எனச் சொன்னால் அது உண்மையாகாது. அவர் நூலிலும் அடி உண்டு. அது அக்காலத்தின் எல்லை. ஆனால் அதற்கு அவர் இட்ட வேலிகள் பல. சினம் கொண்ட நிலையில் தண்டிக்கலாகாது, தண்டனை குற்றத்துக்கு ஏற்றதாயிருக்க வேண்டும், இழிசொல் கூடாது, நோயுற்ற பிள்ளையையும் புதிதாக வந்தவனையும் அடிக்கலாகாது. தண்டனை மிக அரிதாகவே நிகழ வேண்டும். இவ்வேலிகளையெல்லாம் தாண்டிச் செல்வதற்குள் எந்த ஆசிரியரின் கோபமும் ஆறிவிடும் அன்றோ!

1719ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று ரூவான் நகரில் லசால் இறைவனடி சேர்ந்தார். 1900இல் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் அவரைப் புனிதராக உயர்த்தினார். 1950இல் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தார்.

நம் நாட்டில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடைசெய்துள்ளது. சட்டம் பிரம்பைப் பறிக்கலாம். நாவை யார் கட்டுவது? 'நீ எதற்குத்தான் உதவுவாய்?' என்னும் ஒரு சொல், ஆறாத தழும்பாகிவிடுகிறது. 'கண்டிப்பான பள்ளி' என்று பெருமையோடு தேடிச் செல்லும் பெற்றோராகிய நாமும் இதற்குப் பொறுப்பாளிகளே. அக்கண்டிப்புக்குத் தாக்குப்பிடிக்க முடியாமல் நின்றுவிட்ட ஏழைப் பிள்ளை எங்கே என்று நாம் கேட்டதுண்டா?

தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டு, காணாமற்போன ஒன்றைத் தேடிச் சென்ற ஆயனை ஆலயத்தில் போற்றுகிறோம். வருகைப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேரே 'வரவில்லை' எனக் குறிக்கும் ஆசிரியர், மாலையில் அப்பிள்ளையின் வீட்டு வாசலில் நின்று காரணம் கேட்கட்டும். அவர் வரும்போது, 'நன்றாக அடியுங்கள்' என்று சொல்லாமல் அவரை அமரச் செய்து, பிள்ளையைப் பற்றி நாம் பேசுவோமாக.