குற்றம், பிழை, துரோகம்

தமிழில் தீச்செயலைக் குறிக்குஞ் சொற்கள் பல. அவை ஒருபொருட் கிளவிகள் போலத் தோன்றினும் வழக்கில் வேறுபாடுடையன. அறியாது செய்தது பிழை. நெறியினின்று வழுவியது தவறு. மறுமைக்கண் துன்பந்தருவது பாவம். நம்பினோர்க்குக் கேடு சூழ்வது துரோகம். குற்றம் இவற்றிற்கெல்லாம் பொதுப்பெயர். செருக்கு, சினம், இவறல் முதலிய அகத்து மாசுகளையும் திருவள்ளுவர் குற்றமென்றே வைத்தார்.

கல்வெட்டுக்களும் இவ்வேறுபாட்டை இனிது காட்டும். முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்ச் சாசனங்கள் (கி.பி. 919, 921) கணக்குக் காட்டாதாரையும், மாபாதகஞ் செய்தாரையும், பிறர்பொருள் கவர்ந்தாரையும் வேறுவேறாக எண்ணிக் குடவோலையினின்றும் விலக்கின. ஆதித்த கரிகாலனைக் கொன்றாரை உடையார்குடிச் சாசனம் துரோகிகள் என்று சுட்டும். மூன்றாம் இராசராசன் காலத்துச் சிவபுரச் சாசனமோ, திருவாபரணத்தைக் காமக்கிழத்திக்கு அளித்த பூசகரைச் சிவத்துரோகிகள் என்கின்றது. களவென்று அமையாது துரோகம் என்றது என்னை? காக்கவென நம்பி ஒப்புவித்த பொருளாகலின் என்க.

இனி, தந்தையின் தாளை வெட்டிய சண்டேசுரநாயனார் செயல் உலகநெறியிற் பாதகம். தக்கன் வேள்வி புண்ணியம். ஆயின் முன்னது நன்மையாயிற்று, பின்னது தீமையாயிற்று என்பது அருணந்தி சிவாசாரியார் துணிபு. சிவனை நோக்கி நின்றதும் நில்லாததுமே அதற்குக் காரணம். இந்நெறி பற்றியே முன்னோர் கோயிற்பொருள் கவர்தற்குத் தனிப்பெயர் இட்டனர். அதனை இக்காலத்தார் 'தவறு நேர்ந்தது' எனக் குறைத்துக் கூறுதல் சைவர்க்கு ஒவ்வாது. செய்தானைச் சிவத்துரோகி என்று கூற நாக்கூசுவோமாயின், சிவன்சொத்தைக் காக்கவும் கைகூசுவோம்.

திருச்சிற்றம்பலம்.