முகமூடிக்குப் பின்னால் ஒரு கணக்கு

பேஸ்பாலில் கேட்சரை மட்டையால் மட்டும் எடைபோடுவது அநியாயம். மட்டையை மறந்துவிடுவதும் அநியாயம்தான். கூப்பர்ஸ்டவுன் புகழ்மன்றம் இரண்டையும் செய்திருக்கிறது. 1955இல் அங்கே இடம்பெற்ற ரே ஷால்க்கின் சராசரி .253, ஆட்டவாழ்வு முழுவதும் அடித்த ஹோம் ரன் 11. டெட் சிம்மன்ஸோ 2,472 ஹிட்டும் 248 ஹோம் ரன்னும் குவித்தவர். கேட்சர்களில் எத்தனை பேருக்கு அது வாய்த்தது? ஆனால் 1994 வாக்கெடுப்பில் ஐந்து சதவீதம்கூடத் தேறாமல் பட்டியலிலிருந்தே விழுந்தார். பிற்பாடு ஒரு குழு மனம்வைத்து, 2020ஆம் ஆண்டுப் பட்டியலில்தான் அவரைச் சேர்த்தது.

ஷால்க் தடுப்பில் மன்னர், அணித் தோழர்கள் பணத்துக்காகத் தோற்றுக்கொடுத்த 1919 உலகத் தொடர் சூதாட்டத்தில் கறைபடாதவர் என்பார்கள். மெய்தான். ஆனால் நேர்மையாக ஆடுவது ஆட்டக்காரரின் கடமை, அதற்குத் தனிப் பட்டயம் எதற்கு? தடுப்புத்தான் அளவுகோல் என்றால், ஐந்து தங்கக் கையுறை வென்ற டெட்ராய்ட்டின் பில் ஃப்ரீஹனுக்கு 1982இல் கிடைத்தவை வெறும் 2 வாக்குகள்.