எதுகை அடைவும் அகரவரிசையும்

ஆங்கிலச் சொல்லாட்டத்தில் ஈடுபடும் மாணவர் சிலர், பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும், நீண்ட சொற்பட்டியல்களை மனனஞ் செய்வதைக் காணலாம். குறித்த ஓர் எழுத்திணையைக் கொண்ட ஐந்தெழுத்துச் சொற்கள் எவை என்ற முறையில் அப்பட்டியல்கள் அமைந்திருக்கும். சான்றாக, 'ஜீ', 'எச்' என்னும் ஈரெழுத்துக்களும் அடுத்தடுத்து வரும் ஐந்தெழுத்துச் சொற்களுள் லைட், நைட், லாஃப், ரஃப், கோஸ்ட் என்பன அடங்கும். இவற்றை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் ஓருண்மை புலப்படும். அவ்வெழுத்திணை முதலிரு சொற்களில் ஒலிப்பதேயில்லை. அடுத்த இரண்டில் ஒருவகையாகவும் இறுதிச் சொல்லில் வேறொருவகையாகவும் ஒலிக்கின்றது. இச்சொற்களை ஒன்றுசேர்ப்பது கண்ணேயன்றிச் செவியன்று.

தமிழிலும் எழுத்தொப்புமை பற்றிச் சொற்களைத் தொகுக்கும் மரபு நெடுங்காலமாக உண்டு. ஆயின் அம்மரபு செவியின்பாற்பட்டது. முதலெழுத்து அளவொத்து நிற்க இரண்டாமெழுத்து ஒன்றிவருவது எதுகை. கண்டு, வண்டு, செண்டு என்பன தம்முள் எதுகையாகும். பாண்டு என்பது இவற்றோடு சேராது. அதன் முதலெழுத்து நெடிலாதலின் ஓசை அளவிறந்து நீள்கின்றது. ஆங்கிலப் பட்டியல் எழுத்தை எண்ணுகின்றது. எதுகையோ மாத்திரையை அளக்கின்றது.

இவ்வெதுகையே ஒருகாலத்தில் சொற்பொருள் நூலின் அடைவு முறையாகவும் விளங்கிற்று. மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் பதினோராந் தொகுதி, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறுவது. அது ககர எதுகை முதலாக இரண்டாமெழுத்து வரிசையில் அமைந்துள்ளது. 'பகவன்' என்னும் சொல்லின் பொருளை அறிய விரும்புவோன் பகரத்தைத் தேடுதல் பயனற்றது. ககர எதுகையையே நாடவேண்டும். இன்றைய மாணவனுக்கு இஃது இடர்ப்பாடாகத் தோன்றலாம். எனினும், நிகண்டு புரட்டிப் பார்ப்பதற்கென எழுந்த நூலன்று. திண்ணைப் பள்ளியில் ஆசிரியர் சொல்ல, மாணவர் இளமையிலேயே நெட்டுருச் செய்வதற்கென எழுந்த செய்யுள் நூல் அது. ஓரடியின் எதுகை அடுத்த அடியை நினைவிற்குக் கொணரும். ஏடு கையில் இல்லாதவனுக்கு அதுவே ஏற்ற அடைவு முறையாயிற்று.

இந்நிலையினின்று அகரவரிசைக்கு மாறியமை மேனாட்டார் அளித்த கொடை என்று கூறுவாருளர். அக்கூற்று முழுதும் பொருந்துமாறில்லை. சிதம்பரம் ரேவணசித்தர் 1594இல் இயற்றிய அகராதி நிகண்டு, சொற்களை முதலெழுத்தின் அகரவரிசையில் அடைவு செய்தது. 'அகராதி' என்னும் பெயரும் அந்நூலிலேயே காணப்படுகின்றது. ஆங்கிலச் சொற்களுக்கு ஆங்கிலத்திலேயே பொருள்கூறிய ரொபேட் கோட்ரியின் அகராதி வெளிவந்தது 1604இலாகும். அவரும் தம் வாசகர்க்கு நெடுங்கணக்கைப் பிழையறக் கற்றுக்கொள்ளுமாறு முன்னுரையிலே அறிவுறுத்த வேண்டியிருந்தது. அகரவரிசையில் தேடுதல் எந்நாட்டவர்க்கும் இயல்பாய் அமைந்ததன்று. பழகிப் பெற்றதே என்பது இதனாற் பெறப்படும்.

எனினும், ரேவணசித்தர் முதலெழுத்தளவில் நின்றுவிட்டார். அடுத்துவரும் எழுத்துக்களையும் கருத்திற்கொண்டு முறையாக அடைவு செய்து, உரைநடையிற் பொருள்கூறிய பெருமை வீரமாமுனிவரின் சதுரகராதிக்கு (1732) உரியது. பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பிரிவுகளையுடையது அது. இவற்றுள் நான்காவதாகிய தொடையகராதி நம் சிந்தனைக்குரியது. எதுகைக்குப் பொருந்தும் சொற்களை ஒருங்கே தொகுத்துத் தருவது அப்பகுதி. கண்ணுக்குரிய அடைவை நிலைநாட்டிய ஒருவரே, செவிக்குரிய அடைவையும் தம் நூலுள் விட்டுவைத்தார். இத்தாலியிற் பிறந்து தமிழைக் கற்றுக் காப்பியம் பாடிய அவர், பொருளறிவதற்கு ஓர் அடைவும் செய்யுள் இயற்றுவதற்கு வேறோர் அடைவும் வேண்டும் என்பதைத் தம் அனுபவத்தால் உணர்ந்திருத்தல் கூடும். ஆங்கிலத்தில் யோன் வோக்கர் சொல்லிறுதி பற்றி அடைவு செய்த அகராதி 1775இலேயே தோன்றிற்று.

பின்வந்தோர் முதலடைவையே பெரிதும் பின்பற்றினர். ஈழத்தில் அமெரிக்க மிசனரிமாரின் முயற்சியால் 1842இல் வெளிவந்த மானிப்பாய் அகராதி, ஏறத்தாழ 58,500 சொற்களை அகரவரிசையில் தந்தது. இருபதாண்டு கழிந்து 1862இல் வின்சுலோவின் தமிழ் - ஆங்கில அகராதி வெளிவந்தது. ஆயினும் பழைய முறை உடனே மறைந்துவிடவில்லை. மானிப்பாய் அகராதி தோன்றி ஏழாண்டுகளின் பின், 1849இல், ஆறுமுகநாவலர் சென்னையில் அச்சிட்ட நூல்களுள் சூடாமணி நிகண்டுரையும் ஒன்று. இரு முறைகளும் சில காலம் ஒருங்கே வழங்கின. 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் பேரகராதியை வெளியிட்டபோது, நிகண்டுக் கல்வி அருகிவிட்டது.

இம்மாற்றத்தால் விளைந்த நன்மையைக் குறைத்து மதிப்பிடலாகாது. நிகண்டைக் கற்க ஆசிரியர் வேண்டும்; திண்ணையில் இடமும் வேண்டும். அவ்விடம் எல்லாச் சாதியார்க்கும் பெண்பாலார்க்கும் ஒருபடித்தாய்க் கிட்டியதன்று. அகராதியோ நெடுங்கணக்கை அறிந்த எவர்க்கும் தன்னைத் திறந்துவைத்தது. ஆசிரியர் துணையின்றித் தனித்திருந்து பழந்தமிழ் நூலொன்றைப் படிக்க முனையும் மாணவியொருத்தி இந்நன்மையை மறுக்கமாட்டாள்.

இழந்ததும் உண்டு. கடினமான சொல்லின் பொருளை ஒரு கணத்திற் கண்டறியும் நாம், அச்சொல்லோடு ஓசையால் உறவுடைய பத்துச் சொற்களைச் சொல்லவியலாது தடுமாறுகின்றோம். யாப்பிலக்கணத்தில் எதுகையின் வரைவிலக்கணத்தை எழுதிப் புள்ளி பெறுவோர் பலர். செய்யுளைக் கேட்ட மாத்திரத்தில் எதுகையை உணர்வோர் சிலரே. செவிப்பயிற்சி நீங்கியமை இதற்கு ஒரு காரணமாகும்.

அச்சுக் காலத்தில் ஒரு நூலுக்கு ஓரடைவே இயல்வதாயிருந்தது. இன்று கணினியில் ஏற்றப்பட்ட ஒரே சொற்றொகுதியை முதலெழுத்து, இரண்டாமெழுத்து, ஈற்றெழுத்து ஆகிய எவ்வரிசையிலும் மாற்றியமைக்கலாம். மாத்திரையளவு கருதிப் பிரிப்பதும் அரிதன்று. ஆங்கிலச் சொல்லாட்டத்திற்கெனப் பட்டியல் மனனஞ் செய்யும் நம் மாணவர்க்கு நினைவாற்றல் குறைவில்லை. 1732இல் ஒருவர் தனித்துத் தொகுத்த தொடையகராதியை இன்றைய தமிழ்ச் சொற்களையும் சேர்த்து விரித்தமைக்கும் பணியைப் பல்கலைக்கழக மாணவர் சிலர் கூடி மேற்கொள்ளலாம்.