சந்தேகத்தின் பயன் யாருக்கு?

1792ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஐக்கிய அமெரிக்க காங்கிரஸ் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. சுதந்திரப் போரில் காயமடைந்து உழைக்கும் வலுவை இழந்த படைவீரர்கள் ஓய்வூதியம் கோரி மத்திய சுற்று நீதிமன்றங்களுக்கு விண்ணப்பிக்கலாம். நீதிபதிகள் அவர்களைப் பரிசோதித்து, எவ்வளவு வழங்குவது பொருத்தம் என்ற அபிப்பிராயத்தை யுத்த அமைச்சருக்கு அனுப்பவேண்டும். அமைச்சருக்கு அதில் ஐயமிருந்தால் கொடுப்பனவை நிறுத்திவைத்து காங்கிரஸிடம் அறிக்கையிடலாம். நல்ல நோக்கத்துடன் கொண்டுவரப்பட்ட சட்டம்தான். ஆனால், நீதிபதி அளித்த முடிவை ஓர் அமைச்சர் திருத்துவதா என்ற கேள்வி உடனடியாகவே எழுந்தது. பிரதம நீதியரசர் ஜோன் ஜே அமர்ந்திருந்த நியூயோர்க் சுற்று நீதிமன்றம், நீதிபதிகள் என்ற வகையில் அல்ல, ஆணையாளர்கள் என்ற வகையில் அப்பணியைச் செய்ய இணங்கியது. பென்சில்வேனியாவில் வில்சன், பிளேயர், பீற்றர்ஸ் ஆகிய மூவரும் ஹேபர்ன் என்ற படைவீரரின் விண்ணப்பத்தை விசாரிக்க முற்றாகவே மறுத்துவிட்டனர். உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க முன்னரே, 1793இல் காங்கிரஸ் சட்டத்தை மாற்றியமைத்தது.

அமெரிக்க அரசியலமைப்புச் சட்டம் படிக்கும் மாணவர்கள் ஹேபர்ன் வழக்கை அதிகாரப் பிரிவினைக்கான உதாரணமாக மனனம் செய்கிறார்கள். எனக்கோ அது வேறொன்றின் தொடக்கமாகத் தோன்றுகிறது. காயம்பட்ட சிப்பாயின் கோரிக்கையில் இறுதி வார்த்தை யாருடையது என்ற தகராறு அன்றிலிருந்து இன்றுவரை ஓயவில்லை.

1933 மார்ச் 20ஆம் திகதி, ஜனாதிபதி பிராங்ளின் ரூஸ்வெல்ட் பதவியேற்ற 16 நாட்களில், அரசாங்கச் செலவைக் குறைக்கும் சட்டம் ஒன்று வந்தது. முன்னாள் படைவீரர் நிர்வாகம் எடுக்கும் முடிவே இறுதியானது என்றும் எந்த நீதிமன்றமும் அதனை மீளாய்வு செய்யமுடியாது என்றும் அது கூறியது. அதே வருடம் ஜூலையில் நிர்வாகத்தின் உள்ளேயே ஒரு மேன்முறையீட்டுச் சபை உருவாக்கப்பட்டது. மறுத்தவரின் வீட்டிலேயே மேன்முறையீடும் கேட்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக நிலைமை அவ்வாறே இருந்தது. உலகப்போர், கொரியா, வியட்நாம் என்று மூன்று யுத்தங்களின் வீரர்கள் அந்தச் சபையின் வாசலோடு திரும்பிச் சென்றார்கள்.

இதில் சட்டத்தரணிகளின் நிலை இன்னும் விசித்திரமானது. 1864இல், உள்நாட்டுப் போர்க் காலத்தில், படைவீரரின் கோரிக்கைக்காக வாதாடும் சட்டத்தரணி 10 டொலருக்கு மேல் கட்டணம் பெறக்கூடாது என்று விதிக்கப்பட்டது. ஏழைச் சிப்பாயின் ஓய்வூதியத்தைக் கழுகுகள் கொத்திச் செல்லாதிருக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு. விலைவாசி எத்தனையோ மடங்கு உயர்ந்தபோதும் அந்த 10 டொலர் மாறவில்லை. அணுகுண்டுப் பரிசோதனைகளின் கதிர்வீச்சுக்கு ஆளானோரின் சங்கம் அதனை எதிர்த்துச் சென்ற வழக்கில், 1985இல் உயர் நீதிமன்றம் வரம்பு செல்லுபடியானதே என்று தீர்ப்பளித்தது. வழக்காடு முறையற்ற, நட்பான நடைமுறை இது. சட்டத்தரணி எதற்கு என்பது வாதம். நட்பானது என்று கூறியவர் மறுக்கப்பட்டவர் அல்லர் என்பதை மட்டும் குறித்துவைக்கலாம்.

1988 நவம்பரில் ஜனாதிபதி றேகன் ஒப்பமிட்ட சட்டம்தான் கதவைத் திறந்தது. நிர்வாகத்திலிருந்து வேறான, படைவீரர் மேன்முறையீடுகளுக்கென்றே ஒரு நீதிமன்றம் தோன்றியது. 1990இல் அது கில்பேர்ட் வழக்கில் ஒரு பழைய விதிக்கு விளக்கமளித்தது. சாதகமான சான்றும் பாதகமான சான்றும் ஏறத்தாழச் சமமாக இருந்தால், சந்தேகத்தின் பயன் படைவீரருக்கே செல்லவேண்டும். சாதாரண சிவில் வழக்கில் தராசு சற்றேனும் தன் பக்கம் சாய்ந்ததென்று கோரிக்கையாளர் காட்டவேண்டும். இங்கு அது தேவையில்லை. நீதிமன்றம் இதனைப் பேஸ்போல் விளையாட்டின் ஒரு வழக்கத்துடன் ஒப்பிட்டது. எமது வாசகர்களுக்குக் கிரிக்கெட் போதும்: நடுவருக்குச் சந்தேகமென்றால் துடுப்பாட்டக்காரர் ஆட்டமிழப்பதில்லை.

இந்த விதி ஏன் உயிர்நாடியானது என்பதற்கு ஒரு தீ விபத்தே சாட்சி. 1973 ஜூலை 12ஆம் திகதி சென். லூயிஸ் நகருக்கு அருகிலுள்ள தேசியப் பணியாளர் ஆவணக் காப்பகம் தீப்பற்றியது. 1 கோடி 60 இலட்சம் தொடக்கம் 1 கோடி 80 இலட்சம் வரையிலான கோவைகள் அழிந்தன. 1912க்கும் 1960க்கும் இடையில் விலகிய தரைப்படையினரின் கோவைகளில் ஏறத்தாழ 80 சதவீதம் சாம்பலாயிற்று. கொரியாவில் காது செவிடானவர் அதனை எந்தக் காகிதத்தைக் கொண்டு நிரூபிப்பார்? அரசின் கையிலிருந்தபோது ஆவணம் அழிந்தால், காரணங்களை விளக்குவதிலும் சந்தேகத்தின் பயனை ஆராய்வதிலும் சபைக்குக் கூடுதல் கடமை உண்டு என்று 1991இல் நீதிமன்றம் கூறியது.

நீதிமன்றம் கிடைத்தது, விரைவு கிடைக்கவில்லை. நீதிமன்றம் பிழை கண்டால் பெரும்பாலும் சபைக்கே திருப்பியனுப்பும். சபை பிராந்திய அலுவலகத்துக்கு அனுப்பும். புதிய மருத்துவப் பரிசோதனை, புதிய முடிவு, மீண்டும் மேன்முறையீடு. செக்குமாடு எவ்வளவு நடந்தாலும் செக்கைவிட்டு அகல்வதில்லை. டேவிட் ஹென்டர்சன் கொரிய யுத்தகால வீரர். கடும் மனநோய் காரணமாக 1952இல் விடுவிக்கப்பட்டு நூறு சதவீத அங்கவீனர் எனக் கணிக்கப்பட்டவர். வீட்டில் பராமரிப்புக்கான மேலதிகக் கொடுப்பனவை 2001இல் கோரினார். 2004இல் சபை மறுத்தது. நீதிமன்றத்துக்குச் செல்ல 120 நாள் அவகாசம். அவர் 15 நாள் பிந்திவிட்டார். தாமதத்துக்குக் காரணம் எந்த நோய்க்காகக் கொடுப்பனவு கேட்டாரோ அதே நோய்தான் என்றார். காலக்கெடு கடந்ததால் தமக்கு நியாயாதிக்கமே இல்லை என்றது நீதிமன்றம். 2011 மார்ச்சில் உயர் நீதிமன்றம் ஏகமனதாக அதனைத் தவறென்றது. ஹென்டர்சன் அதற்கு முந்திய ஒக்டோபரிலேயே இறந்துபோனார்.

2017இல் இயற்றப்பட்டு 2019 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், மறுக்கப்பட்டவருக்கு மூன்று பாதைகளைத் தந்தது: மூத்த அலுவலரின் மறுபார்வை, புதிய சான்றுடன் துணைக்கோரிக்கை, நேராகச் சபை. முதலாவதில் புதிய சான்று எதனையும் சேர்க்கமுடியாது என்பதை அறியாமல் அதனைத் தெரிவுசெய்பவர் காலத்தை வீணடிப்பார்.

2025 மார்ச்சில் பழைய தகராறு புதிய உருவில் திரும்பிவந்தது. சான்றுகள் சமமானவை அல்ல என்று சபை சொல்லிவிட்டால், படைவீரர் நீதிமன்றம் அதனைத் தானே புதிதாக நிறுத்துப் பார்க்கவேண்டுமா? 2002இல் காங்கிரஸ் இந்த விதியின் பிரயோகத்தை நீதிமன்றம் உரிய கவனத்திற்கொள்ளவேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருந்தது. ஆகவே வேண்டும் என்று வாதிட்டார் பஃப்கின் என்ற முன்னாள் வான்படை வீரர். உயர் நீதிமன்றம் 7க்கு 2 என்ற பெரும்பான்மையில் மறுத்தது. தெளிவான தவறு இருந்தாலன்றி அந்த மதிப்பீட்டில் தலையிடமுடியாது என்று நீதியரசர் தோமஸ் எழுதினார். அப்படியானால் 2002இல் காங்கிரஸ் எதற்காகச் சிரமப்பட்டுப் புதிய சொற்களைச் சேர்த்தது என்று நானும் யோசித்தேன். நீதியரசர் ஜக்சனின் மாறுபட்ட தீர்ப்பும் அதே இடத்தில்தான் நிற்கிறது. அதில் இணைந்துகொண்டவர் கோர்சச். முன்னவரை நியமித்தவர் பைடன், பின்னவரை நியமித்தவர் ட்ரம்ப்.